பிரஷர் நோட்டில் மீதிப் பக்கங்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று சலவைக்கூடத்தில் நாற்பத்திரண்டு விரிப்பு தைத்தேன். ஓரம் பிரிந்தவை முப்பது. மீதி நடுவில் கிழிந்தவை, அதற்கு ஒட்டுப் போட வேண்டும், நேரம் பிடிக்கும். இடுப்பு விட்டுப் போயிற்று.

இது என் வீட்டுக்காரருடைய பிரஷர் நோட்டு. போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது மகள் வாங்கித் தந்தாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மெஷினை அவர் கையில் கட்டி, வருகிற எண்ணை நான் எழுத வேண்டும். எழுதினேன். நவம்பர் பதினான்கு மாலையோடு எண்கள் நின்றுவிட்டன. பின் அட்டைப் பக்கமிருந்து அவர் இடது கையால் எழுதிப் பழகிய தாள்கள் இருக்கின்றன. நடுவில் எல்லாம் வெள்ளை.

போதகரின் மனைவி சொன்னார், "ஜெபத்துல வாய் வரலைன்னா எழுதுங்க. ஆண்டவர் படிச்சுக்குவார்." நான் அஞ்சாவதோடு நின்றவள். அவர் இருந்திருந்தால், "உன் எழுத்தைப் படிக்க ஆண்டவருக்கே கண்ணாடி வேணும்" என்று சொல்லியிருப்பார்.

சொல்ல ஆள் இல்லை. எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வேலை முடிந்து ஆலயத்துக்குப் போனேன். பின் அறையில் ஒரு மருந்துப் பெட்டி உண்டு. வீட்டில் மிச்சமாகிப் போன மாத்திரையை அங்கே கொடுத்தால், நர்ஸ் அக்கா பிரித்துப் பார்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார். முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வானவர். யாருக்கும் பயப்படாத வாய்.

அவருடைய மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுபோனேன். வீட்டில் இருந்தால் கண் அங்கேயே போகிறது.

நர்ஸ் அக்கா அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார். வெள்ளை வட்ட மாத்திரை அட்டையை ஒரு கையில் எடுத்தார். ரோஸ் நிற நீள மாத்திரையை இன்னொரு கையில்.

"இது ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரை. கம்பெனி வேற, ரோஸ் கொஞ்சம் பவர் கூட, அவ்வளவுதான். வெள்ளையை நிறுத்திட்டுதானே ரோஸ் குடுத்தே?"

"ஆமாக்கா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நிறுத்தவில்லை. இரண்டையும் கொடுத்தேன். எழுதிவிட்டேன் ஆண்டவரே.

காலை ஐந்தரைக்கு எழுந்து இதை எழுதுகிறேன்.

பிரஷர் கூடிப்போய் மறுபடி நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், நவம்பர் நாலாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கீழே குனிந்து அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு காலுடையது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்த நேரத்தில் சின்ன வயசு நர்ஸ் ஒருத்தி காகிதத்தை வைத்துக்கொண்டு மடமடவென்று சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று இப்போது எத்தனை தடவை நினைத்தாலும் செருப்புதான் ஞாபகம் வருகிறது. "புரிஞ்சுதாம்மா?" என்றாள். "புரிஞ்சுது" என்றேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நிறமும் உருவமும்தான் எனக்கு எழுத்து. ஒரு துணியில் மூன்று பை வைத்துத் தைத்திருந்தேன். காலைப் பைக்கு ஒரு பொத்தான், மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. ஆஸ்பத்திரியில் புதிதாகத் தந்த ரோஸ் மாத்திரையைக் காலைப் பையில் போட்டேன். வீட்டில் இருந்த வெள்ளையும் அதே பையில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். நான் தலையாட்டியிருப்பேன்.

"டாக்டரம்மா, இன்னைக்கு என்ன கலர்?" என்று கேட்டு வாயைத் திறப்பார். பறவைக்குஞ்சு மாதிரி.

பதினோரு நாள். நவம்பர் பதினைந்து காலை, கட்டிலிலிருந்து எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், தலை சுற்றி விழுந்தார். கட்டில் விளிம்பு இரும்பு. நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பழைய வியாதி, திரும்ப வந்திருக்கும்" என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் மூன்று மாதம் அதையே சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று நற்கருணை. திராட்சை ரசக் கிண்ணங்களைக் கழுவித் துடைப்பது பல வருஷமாக என் வேலை. விரல் நுனி அளவு கண்ணாடிக் கிண்ணங்கள், எண்பத்தாறு. என் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அதுவும் பொய். கழுவின கிண்ணம் எதிலும் என் வாய் படவில்லை.

வெளியே வரும்போது போதகர் பிடித்துக்கொண்டார்.

"மாசக் கடைசி ஞாயிறு நீங்க சாட்சி சொல்லணும்மா. ஒன்பது மாசம் ஒரு கைக்குழந்தை மாதிரி அவரைப் பார்த்தீங்க. சபைக்கு அது பெரிய ஆறுதல்."

"எனக்குப் பேச வராது ஐயா."

"பேச வேண்டாம். உள்ளதைச் சொன்னா போதும்."

உள்ளதையாம்! சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னார். அந்தக் கை சூடாக இருந்தது. தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி. இன்னும் இரண்டு வாரம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று மானம் போயிற்று. மேஸ்திரி ஒரு கட்டுத் தலையணை உறையைக் கொண்டுவந்து போட்டார். ஏதோ சொன்னார். பக்கத்தில் பெரிய மெஷின் சுற்றுகிற சத்தம். "சரிதானே?" என்றார். "சரி" என்றேன். பிரிந்த ஓரங்களைத்தான் தைக்கச் சொல்கிறார் என்று, நாலு பக்கமும் தைத்துவிட்டேன். இருபத்தாறு உறை.

இஸ்திரி போடுகிறவள் — நாங்கள் அவளைப் புயல் என்போம், வந்தால் ஏதாவது விழும் — ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடியே, தலையணை உள்ளே போக வழியே இல்லையே! சமாதி கட்டிட்டியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேஸ்திரி சிரிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பிரித்தேன். புயலும் உட்கார்ந்து கூடப் பிரித்தாள். "கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லேன்டி. உன் வாய்ல என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்றாள்.

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு ஊசி கையில் ஏறிவிட்டது.

சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். வகுப்பில் டீச்சர் கேட்டால் தலையாட்டுவேன். வேலைக்கு வந்த இடத்தில் தலையாட்டினேன். புரியலை என்று சொன்னால் முட்டாள் என்று நினைப்பார்கள் என்று — எத்தனை வருஷம்! அவருக்கு மட்டும் தெரியும். "உனக்குப் புரியலைதானே? கண்ணைப் பார்த்தாலே தெரியுது" என்று மறுபடி சொல்லித் தருவார். அந்த ஒரே ஆளையும்.

பிப்ரவரி 11, புதன்

ஜெபக் கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலை நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றுதான் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். பதினோரு நாளும் ஒரே தாளில் இருக்கிறது, முன்னும் பின்னும். மேல் எண் நூற்றைம்பதில் ஆரம்பிக்கிறது. நூற்றுநாற்பது. நூற்றிருபத்தெட்டு. நூற்றுப்பன்னிரண்டு. நூறு. கடைசி மாலை தொண்ணூற்றாறு. என் கையெழுத்து. படி இறங்குகிற மாதிரி ஒழுங்காக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு படியாக நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. நவம்பர் பன்னிரண்டு, ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அவருக்குப் பிரஷர் நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வருது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன், உங்களுக்காகக் கை தட்டினார்கள் என்று. "கச்சேரியா பண்ணினேன்?" என்றார். அப்புறம், "டாக்டரம்மா, எந்திரிச்சா கிறுகிறுங்குது" என்றார். "மருந்து வேலை செய்யுது, அதான்" என்றேன்.

அவரைச் சாவுக்குத் தள்ளிக்கொண்டு போனதற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆண்டவரே, அந்த நன்றியை நீர் என்ன செய்தீர்? வாங்கிக்கொண்டீரா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? யார் மூலமாகவாவது? அங்கே நர்ஸ் அக்காவும்தானே உட்கார்ந்திருந்தார்!

இப்படி எழுதலாமா, தெரியவில்லை. எழுதியாயிற்று.

பிப்ரவரி 14, சனி

பாப்பா போன் பண்ணினாள். முப்பது வயசு, நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, தனியாக அறை எடுத்து இருக்கிறாள். எனக்கு இன்னும் பாப்பாதான்.

"அம்மா, இருபத்தொண்ணாம் தேதி வர்றேன். நீ சாட்சி சொல்றியாமே. போதகரம்மா சொன்னாங்க."

"வேணாம் பாப்பா, உனக்கு லீவு வீணா..."

"போம்மா. அப்பாவைப் பத்திப் பேசப்போறே, நான் இல்லாமயா? அப்புறம் ஒண்ணு. அந்தப் பிரஷர் நோட்டு இருக்குல்ல? அதை நான் எடுத்துக்கறேன். பின்னாடி அப்பா இடது கையால எழுதினது இருக்கு. எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ" என்றேன்.

வேறு என்ன சொல்வது! அவள் அப்பா பிள்ளை. அப்பா சாப்பிட்ட தட்டில்தான் சாப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா? இருக்கிறது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் யாருக்கு அம்மா?

ஒரு வாரம் இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், எங்களை மன்னியும் என்று கேட்கிற இடம் வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கேயே நிற்கிறேன், பஸ்ஸை விட்டவள் மாதிரி. ஆமெனுக்குத்தான் போய்ச் சேர்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நர்ஸ் அக்கா வீட்டுக்குப் போனேன், விட்டு வந்த குடையை வாங்குகிற சாக்கில். அவர் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நானும் மடிக்க ஆரம்பித்தேன், கை சும்மா இருக்காது. மூன்று துண்டு மடித்ததும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்குப் பொய் சொன்னேன். ரெண்டையும்தான் குடுத்தேன். பதினோரு நாள்."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. துண்டை முடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"அதனாலதான் விழுந்தாராக்கா?"

"இருக்கலாம். ரெண்டாவது பக்கவாதத்துலயும் அப்படித்தான் விழுவாங்க. எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் இனிமே தெரியாது."

"இல்லைன்னு சொல்லுங்களேன்."

"சொல்லலாம். நாளைக்கு ராத்திரியே நீ அதை நம்ப மாட்டே. நானும் முப்பத்துநாலு வருஷத்துல ஒரு தடவை ஊசி மாத்திப் போட்டிருக்கேன். அந்தப் பிள்ளை பிழைச்சுக்கிச்சு. பிழைச்சதுனால நான் நல்லவ ஆயிட்டேனா?" என்று கேட்டுவிட்டு, "அந்த ஆஸ்பத்திரிக்காரங்களும் உன் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கணும்" என்றார். "மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ம்."

அந்த "ம்"மை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

பாவம் செய்யப் பார்த்தேன். பாதி செய்தும் விட்டேன்.

இந்த நோட்டு நடுவில் நூல் போட்டுத் தைத்தது. அந்த ஒரு தாள் மட்டும் இல்லாமல் பண்ணுவது என் கைக்குப் பத்து நிமிஷ வேலை. கிழித்தால்தான் தெரியும். நூலைப் பிரித்து, தாளை உருவி, மறுபடி தைத்தால் கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். கடவுளைத் தவிர என்று நினைத்துக்கொண்டே செய்தேன், என்ன நெஞ்சழுத்தம்!

சாப்பாட்டு நேரத்தில், கிழிசல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து நூலைப் பிரித்தேன். தாளை உருவினேன். மடித்த தாள் அல்லவா, ஒரு பாதியை இழுத்தால் மறுபாதியும் கூட வந்தது. மறுபாதி பின்பக்கம், அவர் எழுதிப் பழகிய பக்கம். கோணல்மாணலாக, தாள் முழுக்க ஒரே வார்த்தை. டாக்டரம்மா. டாக்டரம்மா. டாக்டரம்மா. கடைசியில் வருவதற்குத் துணைக்கால் விழவில்லை.

இந்த எண்ணைத் தூக்கிப் போட்டால் அதுவும் போகும்.

மணி அடித்துவிட்டார்கள். தாளைத் திரும்ப வைத்து, ஊசியில் என்ன நூல் இருந்ததோ அதிலேயே தைத்தேன். சிவப்பு. ஆஸ்பத்திரி விரிப்புக்கு அடையாளம் போடுகிற நூல்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாளை வருகிறாள். வீட்டை இரண்டு தடவை பெருக்கினேன். சொல்லவா? சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? அவள் எண்ணைப் பார்ப்பாளா, அப்பா எழுத்தை மட்டும் பார்ப்பாளா? மாத்திரை விஷயம் அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? தெரியாது. தெரியவே தெரியாது. நர்ஸ் அக்கா சொல்ல மாட்டார்.

அப்படியானால் ஏன் மூன்றாம் தடவையும் விளக்குமாற்றை எடுக்கிறேன்?

இந்தப் பக்கங்களும் இதே நோட்டில்தான் இருக்கின்றன. அதை இப்போதுதான் யோசிக்கிறேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா! ஒளிக்க வேண்டியதை எல்லாம் அவள் கேட்ட நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இல்லை, தெரிந்தேதான் எழுதினேனா?

பிப்ரவரி 21, சனி

பன்னிரண்டரைக்குப் பஸ். சமைத்துவிட்டேன். உப்பு போட்டேனா, இரண்டு தடவை போட்டேனா, தெரியவில்லை. ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். அது தானாகத் திறந்தால் பொய்தான் வருகிறது.

படியில் செருப்புச் சத்தம்.

மார்ச் 9, திங்கள்

நோட்டு இன்று திரும்பி வந்தது. நடுவில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அன்று வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்துவிட்டாய் என்றாள். சாப்பிட உட்காருமுன்பே நோட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக் கடைக் கண் அல்லவா, முதலில் பார்த்ததே தையலைத்தான்.

"ஏம்மா சிவப்பு நூல்?"

அதற்கு நூறு பதில் சொல்லலாம். பிரிந்துபோச்சு என்றால் முடிந்தது. "பிரிச்சேன்" என்றேன். "ஒரு தாளை எடுக்கப் பார்த்தேன்." அப்புறம் நிறுத்த முடியவில்லை. வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, கட்டிலுக்கு அடியில் போன செருப்பு, புரிஞ்சுது என்று சொன்னது எல்லாம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா தினமும் என்கூட போன்ல பேசினே. சாப்டியா, தூங்கினியான்னு."

"ஆமா."

நோட்டைப் பையில் வைத்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. "நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டரைப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை நான் மறுநாள் காலை வரைக்கும் கழுவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று வாசலில் மூன்று தடவை செருப்பைக் கழற்றினேன். மூன்று தடவையும் போட்டேன். போதகர் கூப்பிட்டார். எழுந்தேன். நான் சொன்னது இவ்வளவுதான்:

"நவம்பர் மாசம் இங்கே நின்னு, அவருக்குப் பிரஷர் குறையுதுன்னு ஸ்தோத்திரம் சொன்னேன். நீங்க கை தட்டினீங்க. நான் ஒரே மருந்தை ரெண்டு மடங்கு குடுத்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் குறைஞ்சுது. எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில புரிஞ்சுதான்னு கேட்டாங்க. புரியாமலே புரிஞ்சுதுன்னு சொன்னேன். நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லை. சொல்லணும்னு தோணுச்சு."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பாட்டுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தால் என்னைச் சுற்றி நாலடிக்கு யாரும் இல்லை. தொற்று வியாதிக்காரி மாதிரி. நர்ஸ் அக்கா மட்டும் தூரத்திலிருந்து தலையை அசைத்தார். கேட் பக்கம் போகும்போது ஆலயத்தில் மணி அடிக்கிற அண்ணன் ஓடிவந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், எட்டாக மடித்தது, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்கு பாரேன். சர்க்கரைக்குக் குடுத்தது. எதை எப்போ போடணும்னு தெரியாம ஒரு மாசமா குத்துமதிப்பா போட்டுக்கிட்டு இருக்கேன்."

"எனக்கும் இங்கிலீஷ் தெரியாதுண்ணே!"

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். தெரிஞ்சவங்ககிட்ட கேக்க வெட்கமா இருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் கையைப் பிடித்து நர்ஸ் அக்காவிடம் இழுத்துக்கொண்டு போனேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுங்க. மெதுவா" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பாப்பாவிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. பண்ணினால் எடுக்காமல் விடுவாளோ என்று பயம். எடுக்காத போன் இருக்கிறதே, அது அடிக்கிற ஒவ்வொரு மணியும் ஒரு பதில். சலவைக்கூடத்தில் போனை மடியிலேயே வைத்திருந்தேன். "மடியில கோழியா அடைகாக்கறே?" என்றாள் புயல். நேற்று நற்கருணையிலும் நான் எழவில்லை. கிண்ணம் மட்டும் கழுவினேன்.

இன்று மதியம் கண்ணாடிக் கடைப் பை ஒன்று தபாலில் வந்தது. உள்ளே நோட்டு. கடிதம் இல்லை. சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அந்தத் தாளைப் பிரித்தேன்.

என் எண்களுக்குப் பக்கத்தில் அவள் நீல மையில் எழுதியிருக்கிறாள். எழுத்துக்கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் எண்ணைப் படித்து நான் அவளுக்குப் போனில் குரல் அனுப்புவேன், அவளும் குரலில் பதில் அனுப்புவாள். எல்லாம் அவள் போனில் இன்னும் இருக்கிறது போல. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள்.

150/92. நான் சொன்னது: இன்னும் கூடத்தாம்மா இருக்கு, ஜெபம் பண்ணு.

128/80. நான்: சூப்பர்ம்மா! அப்பாவுக்கு ஒரு கைதட்டு.

112/70. நான்: இப்படியே குறையட்டும். (உன் குரலுக்குப் பின்னால் அப்பா: சீக்கிரம் சொல்லு, டீ ஆறுது.)

100/62. நான்: கடையில் கூட்டம். கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினேன்.

96/60. அம்மா: எந்திரிச்சா தலை சுத்துதுன்னு சொல்றார் பாப்பா. நான்: பலவீனம்மா, படுக்கச் சொல்லு.

கீழே, கோடு போட்டு: இந்தத் தாளில் நீ மட்டும் இல்லைம்மா.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று முழுக்க சந்தோஷப்படத் தெரியவில்லை. நான் சுமந்தது போதாதென்று அவள் தலையிலும் ஏற்றிவிட்டேனா? அதற்காகவா சொன்னேன்?

காலையில் போன் பண்ணினேன். எடுத்தாள்.

"பாப்பா, நீ ஏன் அதை எல்லாம் எழுதினே? நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்..."

"சும்மா இரும்மா."

அவள் பக்கம் கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது.

"இன்னும் கோபம்தான்" என்றாள். "உன்மேலயும் என்மேலயும். அந்த ஆஸ்பத்திரி மேலயும். எது எவ்வளவுன்னு பிரிக்க முடியலை."

"பிரிக்காதே. பிரிச்சா மறுபாதியும் கூட வந்துடும்."

"எதைப் பிரிச்சா?" என்றாள். அப்புறம், நோட்டில் படித்தது ஞாபகம் வந்திருக்கும், லேசாகச் சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள். அந்த ஜெபத்தைச் சொல்வோமா என்று கேட்டேன். சொன்னோம். நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். அவள் நிற்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 26, வியாழன்

மயக்கமாக இருந்தது என்று புயல் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். எனக்குப் பிரஷராம். அங்கேயும் ஒரு சின்ன வயசுப் பெண், மடமடவென்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்றாள்.

பின்னால் ஆறு பேர் நின்றார்கள். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"புரியலைம்மா."

மறுபடி சொன்னாள். "இன்னும் புரியலை" என்றேன். பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "அவசரம்னா வேற டாக்டரைப் பாருங்க!" என்று புயல் அவர்கள் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் பேனாவை எடுத்து, அட்டை மேலேயே தமிழில் பெரிதாக "காலை ஒன்று மட்டும்" என்று எழுதினாள். எழுத்தெல்லாம் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து ஒரு பை மட்டும் தைத்தேன். ஒரு பொத்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை 146/88.

பாப்பாவுக்குக் குரல் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எந்திரிச்சு நின்னியா? நின்னா எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நின்று பார்த்துச் சொன்னேன். அடுத்த வாரம் வருகிறாளாம்.

நற்கருணை முடிந்து எண்பத்தாறு கிண்ணம் கழுவினேன். அதில் ஒன்று நான் குடித்தது.